இந்தக் குளிசையில் பழம் எவ்வளவு? உணவு, மருந்து, நுகர்வோர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
உணவுக் கட்டுப்பாட்டு நிர்வாகப் பிரிவு, சுகாதார அமைச்சு, கொழும்பு
தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, கொழும்பு
நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, கொழும்பு

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதியோரப் பாமசி ஒன்றில் வேலை செய்யும் மருந்தாளர் நான். மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்லப்போகும் பொருள் உங்களில் யாருடைய மேசைக்கு உரியது என்பது விற்பவருக்கும் தெரியவில்லை, வாங்குபவருக்கும் தெரியவில்லை. அசெரோலா என்ற செரிப்பழத்தின் சாற்றில் செய்ததாகச் சொல்லி விற்கப்படும் "இயற்கை விற்றமின் சி" குளிசைகளைத்தான் சொல்கிறேன்.

கேட்கவேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்தப் போத்தல்களைத் தடைசெய்யச் சொல்லவில்லை. நானும் விற்கிறேன், நாளைக்கும் விற்பேன். ஒரு குளிசையில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது, அதில் பழத்திலிருந்து வந்தது எவ்வளவு, தொழிற்சாலையில் செய்து சேர்த்த அஸ்கோர்பிக் அமிலம் (விற்றமின் சியின் இரசாயனப் பெயர்தான்) எவ்வளவு என்ற மூன்று எண்களும் போத்தலின் முன்பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும்கூட, கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

பழத்தில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அது ஒரு அதிசயப் பழம். மெக்சிக்கோவின் தென்பகுதி, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் என்று வெப்பமான நாடுகளில் வளரும் சிறு மரம். பார்படோஸ் செரி என்றும் மேற்கிந்தியச் செரி என்றும் சொல்வார்கள். கேக்கின் மேல் வைக்கும் செரிக்கும் இதற்கும் குடும்ப உறவே கிடையாது. 1940களில் புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் கொன்ராடோ அசென்ஹோ என்ற ஆய்வாளர் இதைப் பரிசோதித்து, இவ்வளவு விற்றமின் சி ஒரு பழத்தில் இருக்க முடியுமா என்று உலகம் திரும்பிப் பார்க்கும் முடிவை 1946இல் வெளியிட்டார். 100 கிராம் தோடம்பழத்தில் 50 மில்லிகிராம் அளவில் இருக்கும் சத்து, 100 கிராம் அசெரோலாவில் 1,000 முதல் 2,000 மில்லிகிராம் வரை இருக்கிறது. பழுக்காத பச்சைக் காயில் இன்னும் கூட. ஐந்து கிராம்கூட எடையில்லாத ஒரேயொரு பழத்தைச் சாப்பிட்டால், வளர்ந்த ஒருவருக்கு ஒருநாளைக்குப் போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சொல்லும் 45 மில்லிகிராம் கிடைத்துவிடும்.

ஆனால் அந்தப் பழத்தை யாரும் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவருவதில்லை. பறித்து இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும் பழம் அது. இன்றைக்கு உலகத்துக்கு அதை அதிகமாக விளைவித்துக் கொடுப்பது பிரேசில். அங்கே சாற்றைப் பிழிந்து, மரவள்ளி மாவிலிருந்தோ சோளமாவிலிருந்தோ செய்த மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்ற ஒன்றைச் சேர்த்து, சூடான காற்றில் தூவித் தூளாக்குகிறார்கள். இந்த இடத்தில்தான் கணக்கு தொடங்குகிறது. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் அசெரோலாத் தூளில் 17 வீதம் விற்றமின் சி இருக்கும். கொஞ்சம் உயர்ந்த ரகத்தில் 25 வீதம். மிச்சமெல்லாம் பழத்தின் சீனி, பழத்தின் அமிலங்கள், சேர்த்த மாவுப்பொருள்.

ஆகவே 1,000 மில்லிகிராம் அசெரோலாத் தூள் உள்ள குளிசையில் விற்றமின் சி 1,000 மில்லிகிராம் இருக்காது. 17 வீதத் தூளானால் 170 இருக்கும். 25 வீதமானால் 250. அது ஒன்றும் குறைவான அளவு இல்லை, நல்ல அளவுதான். ஆனால் போத்தலின் முன்னால் சிவப்புப் பழத்தின் படம் போட்டு, பெரிய எழுத்தில் "அசெரோலா 1000" என்று மட்டும் இருந்தால், வாங்குபவர் எதை நினைப்பார்?

அதே தட்டில் பக்கத்திலேயே இன்னொரு போத்தல் நிற்கும். அதிலும் அதே சிவப்புப் பழம், அதே 1000. அதைத் திருப்பி, பின்னாலுள்ள எறும்பு எழுத்தைப் படித்தால், 1,000 மில்லிகிராம் அஸ்கோர்பிக் அமிலமும் ஓர் ஓரத்தில் 10 மில்லிகிராமோ 20 மில்லிகிராமோ அசெரோலாத் தூளும் என்று இருக்கும். முதல் போத்தலில் பழம் உண்டு, விற்றமின் ஆறில் ஒரு பங்கு. இரண்டாவதில் விற்றமின் உண்டு, பழம் பெயருக்குத்தான். இரண்டும் சட்டப்படி பொய் சொல்லவில்லை என்று உற்பத்தியாளரின் வழக்கறிஞர் வாதாடலாம். ஆனால் கவுண்டரின் இந்தப் பக்கம் நின்று பார்ப்பவளுக்கு, ஒன்றை வாங்கவந்தவர் மற்றொன்றை வாங்கிக்கொண்டு போவது தெரிகிறது.

"பிள்ளை, இது நேச்சுரல்தானே? கெமிக்கல் இல்லையே?" என்று அன்ரிமார் கேட்பார்கள். பக்கத்துச் சாதாரண விற்றமின் சி குளிசை அட்டைக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு காசைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிப் போத்தல்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? பின்பக்கத்தில் எழுதியிருந்தால் வாசித்துச் சொல்கிறேன். "அசெரோலா கலந்த விற்றமின் சி" என்று மொட்டையாகப் போட்டிருந்தால், எவ்வளவு கலந்தது என்பது செய்தவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

பழத்திலிருந்து வந்த விற்றமின் சி உடம்புக்கு வேறு விதமானதா என்ற கேள்வியும் உண்டு. இதில் என் துறைக்காரர்கள் பலர் மழுப்புவார்கள், நான் நேராகவே சொல்கிறேன்: மூலக்கூறு ஒன்றுதான். 1930களில் டாடியஸ் ரைக்ஸ்டைன் என்ற சுவிஸ் இரசாயனவியலாளர் குளுக்கோசிலிருந்து தொடங்கி விற்றமின் சி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு உலகச் சந்தைக்கு வரும் அஸ்கோர்பிக் அமிலத்தில் பெரும்பகுதி சீனாவில் நொதித்தல் முறையில் தயாராகிறது. அந்த அமிலமும் பழத்தில் ஊறிக்கிடக்கும் அமிலமும் அணுவுக்கு அணு ஒன்று. பழத்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரில் வெளியேறுவது கொஞ்சம் குறைகிறது என்று சிறு ஆய்வுகள் சில சொன்னதுண்டு. ஆனால் தொடர்ந்து எடுத்து, இரத்தத்திலுள்ள அளவைப் பார்த்தபோது மனிதர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பழத்தில் விற்றமினோடு நிறப்பொருள்களும் வேறு சத்துகளும் வருகின்றன, அதை மறுக்கவில்லை. தூளாகி, குளிசையாகி, ஒரு வருடம் தட்டில் நின்ற பிறகு அவற்றில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது வேறு கேள்வி.

இதை அரசாங்கத்துக்கு நான் எடுத்துச் சொல்வதே வேடிக்கை. கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்குகளில் இரும்புச்சத்துக் குளிசையோடு சாதாரண விற்றமின் சி குளிசையை இலவசமாகக் கொடுப்பது நீங்கள்தானே. தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. அந்தச் சிறு குளிசையைப் பார்த்து இது நேச்சுரலா என்று எந்தத் தாயும் கேட்பதாக நான் அறியவில்லை. (சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்து அந்த இரும்பைக் கெடுத்துக்கொள்வார்கள், அது வேறு கதை.) 1971இல் அரசாங்க மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிவைத்த பேராசிரியர் சேனக பிபிலே, போத்தலின் பெயருக்குக் காசு கொடுக்காதே, உள்ளே இருக்கும் மருந்துக்குக் கொடு என்பதைத்தான் இந்த நாட்டின் மருந்துக் கொள்கையாக்கினார். அதே நாட்டில் இப்போது ஒரு பழத்தின் படத்துக்குக் காசு கொடுக்கிறார்கள்.

விரும்பிக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. எனக்குக் கவலை அளவில்தான்.

விற்றமின் சியை உடம்பு பெரிதாகச் சேமித்துவைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எவ்வளவு எடுத்தாலும் ஒன்றும் செய்யாது என்று அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 200 மில்லிகிராம் வரை எடுத்தால் குடல் அநேகமாக எல்லாவற்றையும் உறிஞ்சுகிறது. ஒரே தடவையில் 1,000க்கு மேலே போனால் பாதிகூட உள்ளே போவதில்லை. உறிஞ்சியதில் மிஞ்சுவது சிறுநீரகத்தின் வழியே போகிறது, ஒரு பகுதி, சிறுநீரகக் கல்லில் அதிகம் காணப்படும் ஒக்சலேற்றாக மாறிப் போகிறது. சுவீடனில் இருபத்து மூவாயிரத்துக்கும் அதிகமான ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், விற்றமின் சி குளிசை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு வைத்திருக்கும் உச்ச எல்லை ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம். அது சுகதேகிகளுக்கான எல்லை. கிட்னி ஏற்கெனவே பழுதானவருக்கு அந்த எல்லை பொருந்தாது.

கொழும்பில் என் கவுண்டருக்கு வருபவர்களில் பாதிப்பேர் சீனி வருத்தக்காரர் என்று சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக இருக்கும், ஆனால் மிகவும் கூட்டவில்லை. சீனி வருத்தம் பழகினால் கிட்னியைத் தொடும். இன்னொன்றும் உண்டு: இரத்தத்தில் விற்றமின் சி மிக அதிகமானால், வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் சில மெஷின்கள் சீனியின் அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி மருந்தைக் கூட்டிப் போட்டால் என்ன நடக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் உடம்பில் இரும்பு தேங்கியவர்கள் டொக்டரைக் கேட்காமல் விற்றமின் சி எடுக்கக் கூடாது. இவர்களெல்லாம் "இது பழம்தானே" என்று எடுக்கிறார்கள். 170 உள்ள போத்தலை எடுத்தால் பெரிதாக ஒன்றும் வராது. 1,000 உள்ளதைக் காலையும் மாலையும் இரண்டிரண்டாக எடுத்தால்? இரண்டு போத்தலிலும் முன்னால் ஒரே எண்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

தடிமனுக்கு நல்லது என்ற பேச்சை நீட்டி எழுத விருப்பமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் 2013 மீளாய்வு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இதுதான்: தினமும் எடுத்தாலும் சாதாரண மனிதருக்குத் தடிமன் வருவது குறையவில்லை. வந்த தடிமன் பெரியவர்களுக்கு 8 வீதம், சிறுவர்களுக்கு 14 வீதம் சீக்கிரம் மாறியது. மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகு எடுத்தால் பிரயோசனம் தெளிவாகத் தெரியவில்லை. 2020இல் பாமசி வாசலில் வரிசையில் நின்று வாங்கியவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு அப்போது நேரமும் இருக்கவில்லை, கேட்க அவர்களுக்கு மனமும் இருக்கவில்லை.

வெக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது எங்கள் ஊர்ப் பிரச்சினை. விற்றமின் சிக்குச் சூடும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. பழத்தூள் அதைவிட மோசம், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். போத்தலில் "25 பாகைக்குக் கீழே வைக்கவும்" என்று போட்டிருக்கிறது. கொழும்பில் ஏசி இல்லாத கடையில், கடல் பக்கக் கண்ணாடித் தட்டில், பின்னேர வெயில் நேரே விழும் இடத்தில் அந்த 25 பாகை எங்கிருந்து வரும்? மூடியைத் திறந்து சில வாரத்தில் குளிசை புள்ளிபுள்ளியாகப் பழுப்பாகும். அதைக் கொண்டுவந்து "பழத்தின் நிறம்தானே பிள்ளை?" என்று கேட்பவர்களும் உண்டு. பழத்தின் நிறமாகவும் இருக்கலாம், சத்துச் செத்த நிறமாகவும் இருக்கலாம். வாங்கிய அன்று என்ன நிறம் என்று தெரிந்தவர்தான் சொல்லமுடியும். காலாவதித் திகதி வரைக்கும் எங்கள் காலநிலையில் லேபலிலுள்ள அளவு நிற்கிறதா என்று இறக்குமதி செய்பவரிடம் நீங்கள் ஒரு தாள் கேட்கலாம்.

கடைக்கு வராத போத்தல்களும் இருக்கின்றன. லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் பிள்ளைகள் சூட்கேசில் கொண்டுவந்து தாய் தகப்பனுக்குக் கொடுப்பவை அவற்றில் பாதி. வட்ஸ்அப் குழுவில் விற்பவை மறுபாதி. சூட்கேசை நீங்கள் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் வட்ஸ்அப்பில் விற்பவர், கான்சருக்கு நல்லது, பிரஷர் குளிசையை நிறுத்தலாம் என்றெல்லாம் குரல்பதிவு போடுகிறார். இந்த வேலையில் மட்டும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கொஞ்சம் சுறுசுறுப்புக் காட்டினால் நன்றி சொல்வேன்.

இனி, இது யாருடைய வேலை? உணவாக வந்தால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். மருந்துக்கும் உணவுக்கும் இடையில் நிற்கும் பொருள் என்றால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஔடதங்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படிப்பட்ட எல்லைப் பொருள்களைப் பெயர் சொல்லியே பேசுகிறது. விளம்பரத்தில் ஏமாற்று என்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம். கதவுகள் மூன்று இருப்பதால் பொருளுக்குத் தோதான கதவாக எது திறக்கிறதோ அதன் வழியே அது உள்ளே வரும். இது போத்தலின் கெட்டித்தனம் இல்லை. நீங்கள் மூவரும் ஒரு மேசையில் இருந்து, குளிசை வடிவில் வரும் பழச்சாற்றுக்கு எந்தக் கதவு என்று ஒரு பக்கத்தில் எழுதி வெளியிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. விற்றமின், கனிமக் குறைநிரப்பு உணவுகளுக்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டி 2005இலேயே வந்துவிட்டது. லேபலில் எடுக்கச் சொல்லும் அளவில் எவ்வளவு விற்றமின் இருக்கிறது என்பதை எண்ணாகப் போடு என்று அது சொல்கிறது. அதற்கும் ஒரு படி மேலே போய், பழம் இவ்வளவு, சேர்த்தது இவ்வளவு என்று பிரித்துப் போடச் சொல்வதைத்தான் நான் கேட்கிறேன். இந்த நாட்டால் அது முடியாது என்று யாராவது சொன்னால், 2016இல் சோடாப் போத்தல்களில் சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடவைத்ததை நினைவுபடுத்துங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலே சீனி இருந்தால் சிவப்பு என்று அன்று வகுத்தார்கள். அப்போதும் கம்பனிகள் முணுமுணுத்திருக்கும். இன்றைக்குக் கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகூட அந்த வட்டத்தைப் பார்த்துத் தாயிடம் காட்டுகிறது.

இறக்குமதியாளர் சொல்லக்கூடியது எனக்கும் தெரியும். நம் சந்தை சின்னது, இவ்வளவு சின்னச் சந்தைக்குத் தனி லேபல் அச்சடித்துத் தரமாட்டார்கள் என்பார். சரி, அச்சடிக்க வேண்டாம். விலையையும் இறக்குமதியாளரின் பெயரையும் இங்கேதானே ஸ்டிக்கராக ஒட்டுகிறார்கள்? அதே ஸ்டிக்கரில் மூன்று எண்ணுக்கு இடமிருக்கிறது. உற்பத்தியாளரிடம் அந்த எண்கள் இல்லை என்று சொன்னால், இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எப்படிக் குளிசை செய்தார் என்று கேளுங்கள்.

எண்ணைப் போட்டால் அது உண்மையா என்று யார் பார்ப்பது? மொத்த விற்றமின் சியை அளப்பது பெரிய வித்தையில்லை, உயர்தர மாணவர்கள் அயடீன் வைத்துப் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்வதுதான். அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அது காலைநேர வேலை. பழத்திலிருந்து வந்ததா, சேர்த்ததா என்று பிரிப்பது கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது. சோளத்தின் சீனியிலிருந்து செய்த அமிலத்திலும் அசெரோலாவிலும் கார்பன் அணுவின் இரு வகைகளான கார்பன் 13க்கும் 12க்கும் உள்ள விகிதம் வேறுபடும். அந்தக் கருவி இல்லாவிட்டால்கூட சாதாரணக் கணக்கே பலரைப் பிடித்துவிடும். முழுவதும் பழத்திலிருந்து என்று சொல்லி ஒரு குளிசையில் 1,000 மில்லிகிராம் விற்றமின் சி போடவேண்டுமானால், 25 வீதத் தூளிலேயே 4 கிராம் வேண்டும். அவ்வளவு பெரிய குளிசையை விழுங்கக்கூடிய தொண்டையை வெள்ளவத்தையில் நான் இன்னும் பார்க்கவில்லை.

நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கும் நாட்டில் பிரேசில் பழத்தூள் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேலேயே இருக்கிறது, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தந்தால் குளிசையைவிட ருசியும் கூட. ஆனால் பல்லில்லாத முதியவரும், தட்டு வண்டிப் பழத்தை நம்பாதவரும், வேலைக்கு ஓடும்போது ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு போகிறவரும் குளிசையைத்தான் கேட்பார்கள். அவர்களுக்கு உபதேசம் செய்வது என் வேலையில்லை. கேட்டதைக் கொடுப்பதும் கொடுத்தது என்னவென்று சொல்வதும்தான் என் வேலை. இரண்டாவதைச் செய்யத்தான் உங்கள் உதவி வேண்டும்.

சட்டம் திருத்தும்வரை காத்திருக்கவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இறக்குமதியாளர்களுக்கும் பாமசிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, இன்ன திகதிக்குப் பிறகு மூன்று எண்ணும் இல்லாத போத்தல் தட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். இருக்கும் சரக்கை விற்றுமுடிக்க ஆறு மாதம் கொடுங்கள், சிறு கடைக்காரர் நட்டப்படாமல் இருக்கட்டும். சிறுநீரக வருத்தம், தலசீமியா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும் என்ற ஒரு வரியையும் அதே ஸ்டிக்கரில் சேர்க்கச் சொல்லுங்கள். சுற்றறிக்கையைத் தமிழிலும் அனுப்புங்கள். கவுண்டரில் அதை ஒட்டிவைக்கும் இடத்தை நான் இப்போதே ஒதுக்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 6